மூச்சையும் நாடியையும் வைத்து உடற்பயிற்சியில் கலோரி கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வெடியக்காலம் மைதானத்தில் நடக்க வருகிறவர்களும், பொழுதோட வள்ளி கும்மி பழக வருகிற பெண்களும் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைக் காட்டி என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது கிலோ கலோரியை. இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க டீச்சர், மூச்சு வாங்கறதுக்கும் கலோரிக்கும் என்னங்க சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அடுப்பு எரியக் காற்று வேண்டும் என்பது போல, தின்ற சோறும் உடம்பில் சேர்ந்த கொழுப்பும் உள்ளே எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி செலவாயிற்று என்று அர்த்தம். மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 5.05, கொழுப்பு மட்டும் எரிந்தால் 4.69, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே எது எரிகிறது என்றே தெரியாவிட்டாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது, அதனால்தான் ஆக்சிஜனை அளப்பதை இவ்வளவு நம்புகிறார்கள்.

இதை முதலில் பிடித்தவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். 1780களின் தொடக்கத்தில் லாப்லாஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, அதன் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு மூச்சு விடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்றார். சில வருடம் கழித்து செகுவின் என்ற உதவியாளரையே உட்காரவைத்து வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார். வேலை கூடக்கூட ஆக்சிஜன் செலவு, மூச்சு, நாடி மூன்றும் சேர்ந்தே ஏறின. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் வாட்ச் செய்வது அந்த வேலையின் தொடர்ச்சிதான், ஆனால் அதில் ஆக்சிஜனை அளக்கும் பாகம் கிடையாது. நாடியை வைத்து ஆக்சிஜன் செலவை ஊகிக்கிறது. கோளாறெல்லாம் அந்த ஊகத்தில்தான் வருகிறது.

அப்படியானால் சரியாக அளப்பது எப்படி?

முகமூடி மாட்டி, விடும் மூச்சு முழுவதையும் பிடித்து, அதில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு கூடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. 1911இல் டக்ளஸ் என்ற இங்கிலாந்துக்காரர் காற்றுப் புகாத ஒரு பெரிய பையைக் கொண்டுவந்தார், அதை முதுகில் மாட்டிக்கொண்டு மலைகூட ஏறலாம், மூச்சு பைக்குள் போய்ச் சேரும். இப்போது அந்தப் பையின் இடத்தில் மிஷின் வந்துவிட்டது. கணக்கு 1949இல் வீர் என்பவர் கொடுத்த சூத்திரம்தான்: ஆக்சிஜன் லிட்டரை 3.941ஆல் பெருக்கு, கார்பன் டை ஆக்ஸைடு லிட்டரை 1.106ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு, கலோரி வந்துவிடும். நமக்கு அந்த மிஷினும் முகமூடியும் தினசரி கிடைக்காது, அதனால்தான் மூச்சு எண்ணிக்கையையும் நாடியையும் பிடித்துக்கொண்டு வருகிறோம்.

மூச்சை மட்டும் எண்ணினால் போதாதா? எண்ணறது சுலபம்தானுங்களே.

எண்ணுவது சுலபம், ஆழம்தான் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 14 மூச்சு, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர், ஆக மொத்தம் 7 லிட்டர் காற்று. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே வருவதில் 16, 17 சதவீதம். போகிற காற்றில் நாலைந்து சதவீதத்தைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. மிதமான வேலையில் ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். 25 லிட்டர் காற்றுக்கு 5 கலோரி என்றால் 5 லிட்டருக்கு 1 கலோரி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒருவர் 22 மூச்சில் 20 லிட்டர் இழுப்பார், பக்கத்தில் வருகிறவர் பதற்றத்தில் மேலோட்டமாக 35 மூச்சு விட்டும் அதே 20 லிட்டர்தான் இழுப்பார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாவது ஆள் அதிகம் செலவழித்த மாதிரி தெரியும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓரளவுக்கு மேல் வேகம் கூட்டினால் தசையில் அமிலம் சேர, அதை ரத்தம் சமன் செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்ஸைடு வெளிவர, அதை வெளியே தள்ள மூச்சு திடீரென்று எகிறும். அந்த இடத்துக்கு மேலே ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு 30, 35 லிட்டர் காற்றுகூடப் போகும், 5 லிட்டருக்கு ஒரு கலோரி என்ற கணக்கு அங்கே செல்லாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பேசிக்கொண்டே நடக்கும்போது எங்கே ஒரு முழு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு இழுக்கிறீர்களோ, கிட்டத்தட்ட அதுதான்.

நாடி அதைவிட நல்லதா?

நடு வேகத்தில் நல்லது. ஆக்சிஜனைச் சுமந்து போவது ரத்தம், ரத்தத்தைத் தள்ளுவது இதயம். ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, தசை அதிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, இந்த மூன்றையும் பெருக்கினால் ஆக்சிஜன் செலவு. 1870இல் ஃபிக் என்ற ஜெர்மன்காரர் சொன்ன கணக்கு இது. நடப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் துடிப்பு ஏற ஏற ஆக்சிஜன் செலவும் ஒரே சீராக ஏறும், கட்டத் தாளில் புள்ளி வைத்தால் ஏறக்குறைய நேர்கோடாக வரும். உட்கார்ந்திருக்கும்போதும் மெதுவாக வீட்டு வேலை செய்யும்போதும் அந்தக் கோடு உடைந்துவிடும். கோபம் வந்தாலும் காபி குடித்தாலும் சட்டென்று எழுந்து நின்றாலும் துடிப்பு ஏறும், ஆக்சிஜன் செலவு பேருக்குத்தான் ஏறும்.

வாட்ச் என்ன சூத்திரம் வெச்சிருக்கு?

ஒவ்வொரு கம்பெனியும் தன் சூத்திரத்தை மூடித்தான் வைத்திருக்கிறது. வெளியே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று 2005இல் வந்த கீட்டல் சூத்திரம், இணையத்தில் கிடைக்கும் கலோரி கணிப்பான்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இதுதான். பெண்களுக்கு: துடிப்பை 0.4472ஆல் பெருக்கி, எடையை 0.1263ஆல் பெருக்கிக் கழித்து, வயதை 0.074ஆல் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து 20.4022ஐக் கழித்து, வருவதை 4.184ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை கலோரி. ஆண்களுக்கு: துடிப்பு பெருக்கல் 0.6309, எடை பெருக்கல் 0.1988, வயது பெருக்கல் 0.2017, மூன்றையும் கூட்டி 55.0969ஐக் கழித்து அதேபோல வகுக்க வேண்டும்.

என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். வயது 44, எடை 60 கிலோ. துடிப்பு 130இல் நிமிடத்துக்கு 8 கலோரி வருகிறது. சரி, கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். இதே சூத்திரத்தில் கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவரில் சோஃபாவில் உட்கார்ந்தபடியே துடிப்பு 95 ஆனதைப் போட்டால் நிமிடத்துக்கு 4.2 கலோரி என்கிறது. அது நான் வேகமாக நடக்கும் செலவு! உண்மையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு நிமிடத்துக்கு ஒரு கலோரி, கொஞ்சம் முன்பின் இருக்கும். சூத்திரத்தின் மேல் குற்றமில்லை, அதைச் செய்தவர்கள் வழக்கமாக உடற்பயிற்சி செய்கிற 115 பேரை, 18 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களை, உடற்பயிற்சி செய்யும்போது அளந்து எடுத்தார்கள். அதை உட்கார்ந்திருப்பவருக்கும் 65 வயதுக்காரருக்கும் போடுவது நம் தப்பு. பெண்கள் சூத்திரத்தில் எடையைக் கழிக்கிறார்களே, எடை கூடினால் செலவு கூடத்தானே வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த 115 பேரின் அளவுகளுக்கு நடுவில் பொருந்தி வந்த எண் அது, உடம்பின் விதி அல்ல.

ஒரே ரவுண்டு, என் வாட்ச் 400, அவர் வாட்ச் 260. எது சரிங்க?

இரண்டுமே தப்பாக இருக்கலாம். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் நல்லது என்று வந்ததே சராசரி 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். துடிப்பு வரை வாட்ச்சை நம்பலாம், அதற்குப் பிறகு அது சொல்வது ஊகம்.

இன்னொன்று, பல வாட்ச்கள் சும்மா இருந்தாலும் ஆகிற செலவையும் சேர்த்தே காட்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 60 கலோரி அப்படியே கூடிவிடும். ஒரு மணி நேரம் நடந்து 250 என்று காட்டினால் நடையால் வந்தது 190தான்.

என் உடம்புக்கு ஏற்ற கணக்கை நானே எடுக்க முடியுமா?

முடியும், நான் எல்லோரையும் செய்யச் சொல்வது இதைத்தான். 400 மீட்டர் ஓடுதளம் ஒன்று வேண்டும், கோவை நேரு ஸ்டேடியம் மாதிரி இடம் கிடைத்தால் நல்லது, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் போதும். ஒரு கடிகாரம், எழுத ஒரு நோட்டு. காலையில் வெயிலுக்கு முன்னால், காபி குடிக்காமல் வரவேண்டும்.

முதலில் ஒரு சுற்றை 4 நிமிடத்தில் முடிக்கிற மாதிரி நடங்கள். மணிக்கு 6 கி.மீ. வேகம், கை வீசி வெசையாக நடந்தால்தான் வரும். மூன்று சுற்று. முதல் சுற்றில் துடிப்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், மூன்றாவதில்தான் ஒரு நிலைக்கு வரும், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிறகு சுற்றுக்கு 3 நிமிடம், மணிக்கு 8 கி.மீ., மெது ஓட்டம், மறுபடி மூன்று சுற்று, மறுபடி மூன்றாவதில் எழுதுங்கள். ஓட முடியாதவர்கள் இந்த இரண்டாவது பாகத்தைச் செய்ய வேண்டாம், 5 நிமிடச் சுற்று, 4 நிமிடச் சுற்று என்று இரண்டையும் நடையாகவே வைத்துக்கொள்ளலாம்.

சமதளத்தில் இந்த வேகங்களில் செலவு எவ்வளவு என்பது ஏற்கெனவே பலரிடம் அளந்து வைத்த கணக்கு. 6 கி.மீ. நடைக்கு உடம்பு எடைக் கிலோ ஒன்றுக்கு நிமிடத்தில் 13.5 மி.லி. ஆக்சிஜன், 8 கி.மீ. ஓட்டத்துக்கு 30 மி.லி. 60 கிலோவால் பெருக்கினால் 0.81 லிட்டர், 1.8 லிட்டர். ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு 4 கலோரி, 9 கலோரி. எனக்கு நடையில் துடிப்பு 108, ஓட்டத்தில் 150. ஆக 42 துடிப்புக்கு 5 கலோரி, ஒரு துடிப்புக்கு 0.12. இனி நான் எந்த வேலை செய்தாலும் துடிப்பு 125 என்றால் 108க்கு மேல் 17, அதை 0.12ஆல் பெருக்கினால் 2, நாலோடு சேர்த்து 6 கலோரி. துடிப்பு 130க்கு 6.6 வருகிறது, முன்னே சொன்ன சூத்திரம் 8 என்றது. நடை, ஓட்டம் என்ற இரண்டு புள்ளிகளை இணைக்கும் இதுதான் என் கோடு. 90, 95க்குக் கீழே இந்தக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள், அங்கே எடைக் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஒரு கலோரி என்ற கணக்கே மேல்.

கூடவே ஒவ்வொரு வேகத்திலும் மூச்சையும் எண்ணி எழுதுங்கள். என் நோட்டில் நடைக்கு 22, ஓட்டத்துக்கு 34. இது பின்னால் எதற்கு ஆகும் என்றால், நாடி ஏறியும் மூச்சு ஏறாமல் இருந்தால் அன்றைக்கு நாடியைத் தூக்கியது வேலை அல்ல, வேறு ஏதோ ஒன்று என்று பிடித்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். பழகப் பழக இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும், அதே 4 நிமிடச் சுற்றுக்குத் துடிப்பு 100 போதும் என்றாகும். செலவு அதே 4 கலோரிதான், ஆனால் வாட்ச் குறைத்துக் காட்டும். உடம்பு தேறியிருக்கிறது என்று தெரியாமல் மனசு விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வள்ளி கும்மி ஆடினா எவ்வளவுங்க போகும்?

இதைக் கேட்காத ஆளில்லை. நானும் ஆடுகிறேன், அதனால் ஆசையாக அளந்து பார்த்தேன். முதல் நாள் வாட்ச்சைப் பார்த்து ஏமாந்தேன். பாட்டு வேகம் எடுத்ததும் துடிப்பு 160 என்று காட்டி அங்கேயே நின்றது. பாட்டு நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணினால் 33, நாலால் பெருக்க 132. மணிக்கட்டு வாட்ச் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் வந்து போகும் அசைவைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. கும்மியில் கை தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டே அதிர்கிறது, அந்தத் தட்டையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கும்மிக்கு நெஞ்சில் கட்டும் ஸ்ட்ராப்தான் சரி, அது இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. இல்லாவிட்டால் பாட்டு முடிந்த உடனே, நின்ற பத்து வினாடிக்குள் கழுத்தில் எண்ணுங்கள், தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல்.

132 என்றால் என் கோட்டில் 6.9 கலோரி. ஆனால் கையைத் தூக்கியும் வீசியும் செய்யும் வேலையில் அதே ஆக்சிஜனுக்குத் துடிப்பு கூடுதலாக இருக்கும், கூட்டத்தின் சூடும் உண்டு, வாத்தியாரின் பாட்டும் சனத்தின் ஆரவாரமும் சேர்ந்து மனசே துள்ளுகிறது, அதிலும் துடிப்பு ஏறும். மூச்சு எண்ணிக்கையோ 28, அதாவது நடைக்கும் ஓட்டத்துக்கும் சரி நடுவில். அதனால் 5 முதல் 6 என்று எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேர அரங்கேற்றத்தில் உண்மையாகக் கால் ஆடுகிற நேரம் 80 நிமிடம் என்றால் 400 முதல் 480. அறுபது வயது அம்மாக்கள் இதைச் சிரித்துக்கொண்டே ஆடி முடிக்கிறார்கள், எந்த ஜிம்முக்கும் குறையாத உழைப்பு இது.

சித்திரை வெயிலில் நடந்தா அதிகம் கரையும்னு சொல்றாங்களே?

கரைகிற மாதிரி காட்டும். எனக்குக் காலை 6 மணிக்கு 108 வருகிற அதே நடை, ஏப்ரலில் மாலை 4 மணிக்கு 122. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்புகிறது, வேர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவு குறைகிறது, ஒரு துடிப்பில் தள்ளுவது குறைந்ததால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. கால்கள் செய்யும் வேலை அதேதான், ஆக்சிஜன் செலவும் ஏறக்குறைய அதேதான். அந்த 14 துடிப்பை என் கோட்டில் போட்டால் நிமிடத்துக்கு 1.7 கலோரி, 40 நிமிடத்துக்கு 68 கலோரி, நடக்காத நடைக்குக் கணக்கு. ஈரோடு, கரூர் வெயிலில் இதற்காக மத்தியானம் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இழந்தது தண்ணீரும் உப்பும், அது ஒரு சொம்பு மோரில் திரும்பி வந்துவிடும்.

பி.பி. மாத்திரை சாப்பிடறேன். நாடிக் கணக்கு எனக்குப் பொருந்துமா?

மாத்திரை எது என்று பாருங்கள். அட்டினலால், மெட்டோப்ரலால் மாதிரி பீட்டா பிளாக்கர் என்றால் பொருந்தாது. அந்த மருந்தின் வேலையே துடிப்பை அடக்குவது. எங்கள் பெரியப்பாவுக்கு 58 வயதில் இது நடந்தது. அவர் போன ஜிம்மில் பயிற்சியாளர் பையன் திரையைப் பார்த்து, 110கூட வரவில்லை, கொழுப்பு எரியாது, வேகம் கூட்டுங்க மாமா என்று சொல்லியிருக்கிறான். இவரும் டிரெட்மில்லில் கூட்டிக்கூட்டி, துடிப்பு 105ஐத் தாண்டாமலே தலை சுற்றி, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் உடம்பு அப்போது முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருந்தது, திரைக்குத்தான் தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த மருந்து எடுப்பவர்கள் மூச்சைத்தான் பார்க்க வேண்டும்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவு போதும். கலோரி வேண்டுமென்றால் வேகத்தையும் எடையையும் வைத்து மேலே சொன்னபடி போடுங்கள். வாட்ச் எண்ணுக்காக மாத்திரையை நிறுத்தும் வேலை மட்டும் வேண்டாம்.

மருதமலைப் படி ஏறினா?

படிக்கு நாடியே தேவையில்லை, உயரம் போதும். 837 படி என்று சொல்வார்கள், படிக்கு அரை அடி என்று வைத்தால் 125 மீட்டர் உயரம். 60 கிலோவை அவ்வளவு தூரம் தூக்கச் சுத்தமான வேலை 17.6 கலோரி. தசை செலவழிப்பதில் நாலிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் வேலையாக மாறும், மீதி சூடு. அப்படியானால் 70 முதல் 88. ஏறுகிற நேரத்தின் சும்மாச் செலவையும் முன்னோக்கி நடக்கிற செலவையும் சேர்த்தாலும் 120ஐத் தாண்டுவது கஷ்டம். என் வாட்ச் 210 என்றது. வெயில், முதுகில் அர்ச்சனைப் பை, முருகனைப் பார்க்கப் போகிற அவசரம், எல்லாம் சேர்ந்து துடிப்பு. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், 170 கலோரி. படியேறி இறங்கியதும் அடிவாரத்தில் என்ன வாங்கிச் சாப்பிடலாம் என்று வாட்ச்சைக் கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உணவின் கலோரி எண்கள் வாட்ச் எண்களைவிட எவ்வளவோ உறுதியானவை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். அந்த நிறுவனம் 1918இல் நமக்கு மேலே குன்னூரில் ஒரே ஒரு அறையில் தொடங்கி, 1958இல்தான் ஹைதராபாத் போனது.

கபாலபாதி செய்தா நிறைய மூச்சு, அப்போ நிறைய கலோரியா?

இல்லை. தசை கேட்டதால் வாங்கும் மூச்சு வேறு, நாமாக வேண்டுமென்று விடும் மூச்சு வேறு. கேட்காத இடத்துக்குக் காற்றைத் தள்ளினாலும் உடம்பு கூடுதல் ஆக்சிஜனை எடுக்காது, வந்தது அப்படியே வெளியே போகும். கார்பன் டை ஆக்ஸைடுதான் தேவைக்கு மேல் வெளியேறும், விரல் நுனி மரத்து, தலை கிறுகிறுப்பது அதனால்தான். வயிற்றுத் தசையின் வேலைக்குக் கொஞ்சம் செலவு உண்டு, அவ்வளவே. ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியில் வரும் மூச்சுப் பயிற்சியை நானும் செய்கிறேன், நிம்மதிக்காக. அதைக் கலோரி நோட்டில் எழுதுவதில்லை.

பளு தூக்கறது, தறி நெய்யறது?

பளு தூக்கும்போது தசை இறுகி ரத்த ஓட்டத்தையே நெருக்குகிறது, ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. நாடிக் கணக்கு அங்கே கூடுதலாகத்தான் காட்டும். சென்னிமலைக் கைத்தறியில் உட்கார்ந்து நாடா இழுத்து, காலால் மிதித்து நெய்பவர்களுக்கும் பாதி அப்படித்தான், கை வேலை என்பதால் துடிப்பு ஏறும். ஆனால் அவர்கள் நாள் முழுக்கச் செய்கிறார்கள், மணிக்கணக்கில் சேரும்போது நம் ஒரு மணி நேர வாக்கிங்கை அது சாதாரணமாகத் தாண்டிவிடும்.

விரல்ல மாட்டற ஆக்சி மீட்டர்ல கலோரி தெரியுமா?

தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும், எவ்வளவு செலவாகிறது என்று அல்ல. நடந்தாலும் ஓடினாலும் நல்ல உடம்பில் அது 95க்கு மேலேயே நிற்கும். நின்று கை அசைக்காமல் இருந்தால் அதன் நாடி எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

220இல் வயதைக் கழிப்பது சரியா?

தோராயம். 2001இல் வந்த இன்னொரு கணக்கு 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180தான், 60 வயதில் முதலாவது 160, இரண்டாவது 166. எதை எடுத்தாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருக்கும். உங்கள் உச்சத் துடிப்பு இதுதான் என்று அந்த எண்ணைத் துரத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் கலோரி எரியும்னு சொல்றாங்க?

எரியும், கொஞ்சம். பயிற்சியில் செலவானதில் பத்தில் ஒரு பங்கு அளவில், கடுமையாகச் செய்திருந்தால் இன்னும் சற்று அதிகம். 300 கலோரி நடந்தவருக்கு 30. விளம்பரத்தில் சொல்கிற மாதிரி ராத்திரி முழுக்க எரிவதில்லை.

வெள்ளியங்கிரி போறோம். மூச்சும் நாடியும் எப்படிப் பார்க்கணும்?

இங்கே கலோரியை விட்டுவிடுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், ஏழு மலை, வருஷத்தில் ஒரு நாள்கூடப் படியேறாதவரும் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஏறிவிடுகிறார். மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் பாதி மலையில் உயிரை விட்டவர்கள் உண்டு. இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சும்மா இல்லை. மற்றவர்கள் ஆறு வாரம் முன்னாலிருந்தே வாரத்துக்கு மூன்று நாள் சென்னிமலையோ மருதமலையோ பக்கத்தில் இருக்கிற படியில் ஏறிப் பழகுங்கள்.

மலையில் அளவுகோல் உங்கள் வாயிலேயே இருக்கிறது. ஏறும்போது எல்லோரும் ஓம் நமசிவாய சொல்லிக்கொண்டுதான் போகிறோம். ஒரே மூச்சில் இரண்டு முறை சொல்ல வந்தால் வேகம் சரி. ஒருமுறை சொல்வதற்குள் நடுவில் உடைந்தால் வேகம் அதிகம், பக்கத்து ஆள் முந்தினாலும் பரவாயில்லை, பத்து அடியைச் சின்னச் சின்னதாக வையுங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் ஓரமாக நின்று கழுத்தில் எண்ணுங்கள், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 20, 30 துடிப்பாவது இறங்கியிருந்தால் மெதுவாகத் தொடரலாம். இறங்கவே இல்லை என்றால் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், இன்னொரு ஐந்து நிமிடம் பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் இறங்குகிற வழியைப் பாருங்கள். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ போகும் வலி, குளிர்ந்த வேர்வை, இதில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் கூட வருகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அந்த இடத்தைவிட்டு மேலே ஒரு அடிகூட வைக்காதீர்கள்.